எழுத்து ஓடாத அரை மணி நேரம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், நாங்கள் சீரியல் பார்க்கும் செயலி டிவியில் இல்லை.
2. செயலிகளை டிவியில் காட்ட அதன் பின்னால் சொருகியிருந்த ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்து மறுபடியும் சொருகினேன். வைஃபையை அணைத்துப் போட்டேன். பலன் இல்லை.
3. ஸ்டிக்கைச் செய்த கம்பெனிக்கும் செயலியை நடத்தும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை என்று என் போனுக்குச் செய்தி வந்தது.
4. அதை நான் படித்துக் காட்டுவதற்குள் அப்பா கேபிள்காரரைப் போனில் கூப்பிட்டுத் திட்டி முடித்திருந்தார். எங்கள் வீட்டில் கேபிளே கிடையாது. ஸ்டிக் வாங்கியபோதே நிறுத்திவிட்டோம்.
5. மறுநாள் கேபிள்காரர் சிரித்துக்கொண்டே வந்து இணைப்புக் கொடுத்தார்.
6. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சீரியல் திரும்பக் கிடைத்தது. மதினிக்குக் கிடைக்கவில்லை.

இதில் ஆறாவதைத்தான் விரிவாக எழுத வேண்டும். அதற்கு முன் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டில் எங்கள் ஊர். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, ஒரு சென்னைக் கம்பெனிக்கு மென்பொருள் சோதனை செய்யும் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். மத்தியானம் தொடங்கி ராத்திரி வரை போகும் ஷிப்டு. அண்ணனுக்கு ஓசூரில் வேலை. வீடு கிடைத்ததும் கூட்டிப்போவதாகச் சொல்லி, மதினியை எங்களோடு விட்டிருக்கிறான்.

மதினிக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. மெஷின் வைத்தால் லாரி ஹாரன், குக்கர் விசில், இடி இதெல்லாம் கேட்கும். பேச்சு கேட்காது. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அவர் பேசுவது கொஞ்சம் தட்டையாக இருக்கும். ஆனால் பேச்சில் யாருக்கும் சளைத்தவர் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில், "டிவியிலயும் வாயப் பாத்தே புரிஞ்சுக்குவீங்களா மதினி?" என்று கேட்டேன்.

"எங்க? முக்கியமானத எல்லாம் முதுகக் காட்டிக்கிட்டுத்தான பேசுறாக."

பிறகுதான் அந்தச் செயலியின் அமைப்புகளில் தேடிப் பார்த்தேன். அதில் தமிழ்ச் சீரியல்களுக்குத் தமிழிலேயே வசனம் கீழே எழுத்தாக ஓடும் வசதி இருந்தது. போட்டுவிட்டேன். அன்று சீரியலில் வரும் கஞ்சத்தனமான மாமனார் ஏதோ சொல்ல, அம்மாவும் மதினியும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அதன் பிறகு அந்த அரை மணி நேரத்தை இருவரும் விட்டதில்லை. நானும் சாப்பாட்டு இடைவேளையை அந்த நேரத்துக்கே வைத்துக்கொண்டேன். மாமியாரும் மருமகளும் திரையில் இருக்கும் மாமியாரையும் மருமகளையும் சேர்ந்து திட்டுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன்.

கேபிள்காரர் வந்த நாளுக்கு வருகிறேன். அவரும் அப்பாவும் ஒன்றாகப் படித்தவர்கள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏலே, என்னலே சிரிப்பு?" என்றார் அப்பா.

"சிரிக்காம? பென்டிரைவ் மாதிரி ஒன்னச் சொருகிட்டு, இனி ஒன் வயரு வேணாம்லேன்னு அனுப்புன. இப்ப எவனோ ரெண்டு கம்பெனிக்காரன் அடிச்சுக்கிட்டதுக்கு என்னைய வையுற."

"நீ வயரத்தான் எதும் வெட்டி விட்டியோன்னு நெனச்சேன்."

"இல்லாத வயர எப்பிடிலே வெட்டுவேன்? மழ பெய்யலன்னாலும் என்னையத்தான் கேப்ப போல."

அம்மா இருவருக்கும் காப்பி கொடுத்தார். கேபிள்காரர் ஏணியை எங்கள் வேப்பமரத்தில் சாய்த்து ஏறி, மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே சீரியல், அதே நேரத்தில் வந்தது. கீழே எழுத்து மட்டும் ஓடவில்லை. கேபிளில் அந்த வசதி கிடையாது.

முதல் சில நாட்கள் மதினி வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். ஆனால் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா சிரித்தால், "என்ன அத்த, என்ன சொன்னாரு?" என்பார். அம்மா திரும்பி, வாயை நன்றாகத் திறந்து சொல்லத் தொடங்குவார். அதற்குள் அடுத்த வசனம் ஓடிவிடும். அம்மாவின் கண் திரைக்குப் போய்விடும்.

"இருத்தா, அப்பறமாச் சொல்றேன்."

விளம்பரம் வந்ததும் சொல்லவும் செய்தார். ஆனால் மூன்று நிமிடச் சண்டை, அம்மா சொல்லும்போது "ரெண்டு பேரும் சண்டை" என்று இரண்டே சொல்லாகிவிடும். அடுத்த வாரம் மதினி அந்த நேரத்தில் பாத்திரம் விளக்கப் போனார். பிறகு துணி மடிக்கப் போனார். அதற்குப் பிறகு, "அம்மாவப் பாத்துட்டு வாரேன்" என்று மல்லாங்கிணற்றுக்குப் பஸ் ஏறினார். நாலு நாளில் வருவதாகச் சொன்னவர், வாரக்கணக்கில் வரவில்லை.

இதற்கிடையில் நான் என்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருந்தேன். சண்டை எதற்கு என்று படித்துப் பார்த்தேன். செயலியில் வரும் விளம்பர வருமானத்தில் ஸ்டிக் கம்பெனி பங்கு கேட்கிறது. யார் எதைப் பார்க்கிறார்கள் என்ற விவரம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதிலும் தகராறு. இரண்டு கம்பெனிகளும் அறிக்கை விட்டிருந்தன. இரண்டுமே பார்வையாளரின் நலனுக்காகத்தான் விட்டுக்கொடுக்காமல் நிற்பதாகச் சொல்லின. அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, அவர் அரிசி புடைப்பதை நிறுத்தாமலே கேட்டார்.

"சம்பந்திமாருக ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிட்டு, பந்தில உக்காந்தவுக எலயத் தூக்குன மாதிரில இருக்கு" என்றார்.

ஸ்டிக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினேன். செயலிக்காரர்களிடம் கேட்கச் சொன்னார்கள். செயலியின் எண்ணில் தமிழ் பேசும் ஒரு பெண் எடுத்தார். ஸ்டிக் கம்பெனிக்கு நான் ஒரு புகார் அனுப்பினால் நல்லது என்று எழுதிவைத்ததைப் படித்தார்.

"எங்க வீட்ல ஒருத்தருக்குக் காது கேக்காது. கீழ எழுத்து ஓடுனாத்தான் பாக்க முடியும்" என்றேன்.

"எனக்குக் குடுத்திருக்கிற பதில்கள்ல அதுக்குப் பதில் இல்ல மேடம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க அம்மாவும் அதே ஸ்டிக்குதான் வச்சிருக்காங்க. நான் வேலைய விட்டு வீட்டுக்குப் போனதும் என்னையத்தான் புடிக்கிறாங்க" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். அவருக்கு நல்ல மதிப்பெண் கொடுத்துவிட்டு வைத்தேன். நானே மென்பொருள் சோதிப்பவள். செயலியைத் தேடினால் டிவியில் வரும் "தற்காலிகமாகக் கிடைக்காது" என்ற செய்திக்குக் காலம் எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரியும். அதற்காக அந்தப் பெண்ணிடம் கோபப்பட்டு என்ன செய்வது?

மற்ற வழிகளையும் பார்த்தேன். மதினி ஊருக்குப் போகும் முன்பே போனில் பார்க்க முயன்றிருந்தோம். சின்னத் திரையில் இரண்டு தலைகள். அம்மா பிடித்தால் கட்டை விரல் சரியாக எழுத்தின் மேல் இருக்கும். போனில் தெரிவதை அப்படியே டிவிக்கு அனுப்பிப் பார்த்தேன். திருட்டுப் பதிவைத் தடுக்கும் பாதுகாப்பினால் படம் கறுப்பாகிவிட்டது. சத்தம் மட்டும் வந்தது.

"இது ஒங்களுக்கு மட்டும் போல" என்று சொல்லிவிட்டு மதினி எழுந்து போனார். சிரித்துக்கொண்டுதான் போனார்.

வேறு கம்பெனியின் ஸ்டிக் வாங்கலாம் என்றால், அவர்களுக்கும் இதே செயலிக்கும் இழுபறி என்று செய்தி படித்தேன். லேப்டாப்பை ஒரு வயரால் டிவியோடு இணைத்தால் படமும் எழுத்தும் வரும் என்பது தெரிந்ததுதான். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். சீரியல் நேரத்தில் அதில் என் வேலை ஓடிக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் அண்ணன் அம்மாவைப் போனில் கூப்பிட்டான். "அவ மல்லாங்கிணத்துலயே இருந்துக்கிறேங்கா. வீடு பாத்ததும் அங்கிட்டிருந்தே வாரேங்கா. என்னம்மா, எதும் சொன்னீங்களா?"

அம்மா போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தார். "ஒரு கடுஞ்சொல்லு சொன்னதில்லடி நான். அவுக வீட்ல என்ன நெனப்பாக?" என்றார்.

நான் மதினியை வீடியோவில் கூப்பிட்டேன். முகம் தெரிய வேண்டும் என்பதால் அவரிடம் எப்போதும் வீடியோவில்தான் பேசுவோம். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அத்தைய எதும் சொல்லாதீங்க" என்றார் மதினி. "ஒங்க வீட்ல எல்லாரும் நல்லவுக. ஆனா அப்பறமாச் சொல்றேன், அப்பறமாச் சொல்றேன்னு கேட்டுக்கேட்டே வளந்தவ நான். எங்க வீட்லயும் அதான், ஸ்கூல்லயும் அதான், கல்யாண வீட்லயும் அதான். அந்த அர மணி நேரந்தான் எனக்கு யாரும் அப்பறமாச் சொல்ல வேணாம். அத்த சிரிக்கிறப்பவே நானும் சிரிப்பேன். இப்ப அங்க உக்காந்தா விருந்தாளி மாதிரி இருக்கு. அதுக்கு எங்க வீட்லயே இருக்கலாம்ல?"

அம்மா கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வைத்ததும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஒன் லேப்டாப்பு எப்ப சும்மா இருக்கும்?"

"காலையில. பன்னெண்டு மணி வர."

"முந்தின நாள் சீரியல் அதுல காலையில வருமா?"

"வரும். எழுத்தோட வரும்."

"அப்பச் சரி. சாயங்காலம் நான் பாக்கல."

"அப்ப நான்?" என்றார் அப்பா.

"நீங்க நியூஸு பாருங்க. இல்லாட்டி ஒங்க சேக்காளிகிட்டச் சொல்லி வேற எதாச்சும் போடச் சொல்லுங்க."

மறுநாள் அம்மா மல்லாங்கிணற்றுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலப் பஸ்ஸில் இருவரும் வந்து இறங்கினார்கள். மதினியின் பையை அம்மா தூக்கி வந்தார்.

அம்மா விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்பது பிறகுதான் புரிந்தது. எங்கள் தெருவில் குழாயில் காலையில்தான் தண்ணீர் வரும். அங்கே குடத்தோடு நிற்கும் எல்லோரும் முந்தின நாள் சாயங்காலமே பார்த்தவர்கள். கதை பேசத்தான் அங்கே நிற்பார்கள். எங்கள் தெருவில் சீரியல் தெரியாத ஒரே ஆளாக அம்மா ஆகிவிட்டார்.

"யக்கா, நேத்துப் பாத்தீகளா, அந்தக் கஞ்சப் பெரியவரு..." என்று பக்கத்து வீட்டுப் பெண் ஆரம்பிப்பது எங்கள் வாசல் வரை கேட்கும்.

"ஏடி, வாய மூடுடி. நாங்க இன்னும் பாக்கல!"

"நேத்து வந்தது நேத்தே போச்சுல்ல? இன்னுமா பாக்கல?"

"எங்களுக்கு இன்னிக்குத்தான் வரும். எங்க வீட்டு டைமு வேற."

எவ்வளவுதான் அதட்டினாலும் ஏதாவது ஒன்று காதில் விழுந்துவிடும். அதை மனசில் வைத்துக்கொண்டு, மதினியிடம் சொல்லாமல், லேப்டாப்பில் சீரியல் போடும் பதினொரு மணி வரை அம்மா இருக்க வேண்டும். ஒருநாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மதினியின் பக்கமே திரும்பாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மதினி கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"அத்த மூஞ்சியப் பாருங்க. இன்னிக்கு யாரோ சாகப் போறாக."

"அந்தப் பெரியவரா அத்த?" என்று அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்து கேட்டார்.

"எனக்கு எதும் தெரியாது" என்றார் அம்மா. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். பதினொரு மணிக்குப் பெரியவர் செத்தார். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள்.

இப்போதைய நிலை இதுதான். இரண்டு கம்பெனிகளும் இன்னும் பேசி முடிக்கவில்லை. ஸ்டிக்கில் செயலி திரும்ப வரவில்லை. கேபிளில் அப்பா செய்தி பார்க்கிறார். சீரியல் மறுநாள் காலையில் என் லேப்டாப்பிலிருந்து எழுத்தோடு ஓடுகிறது. அண்ணனுக்கு ஓசூரில் இன்னும் வீடு கிடைக்கவில்லை. மதினி எங்கள் வீட்டில் இருக்கிறார்.