அம்மாவும் நானும் நடந்த தீவு

அந்த லேப்டாப்பின் அடிப்பக்கம் பத்து நிமிடத்தில் சுடத் தொடங்கிவிடும். மடியில் வைக்க முடியாமல், தையலில் மிஞ்சிய துணித்துண்டுகளை மடித்து அடியில் கொடுப்பேன். சூடேறிய துணியின் வாசனையும் பக்கத்து ரப்பர் விளையில் காயப் போட்ட ரப்பர் ஷீட்டின் புளித்த வாடையும் கலந்து எங்கள் முன்னறை முழுக்க நிற்கும். அருமனைப் பக்கத்தில் அது விடாமல் மழை பெய்த ஐப்பசி. நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தார். அம்மா அந்த முன்னறையிலேயே மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள்.

லேப்டாப் என்னுடையதல்ல; பெரியம்மா மகள் ஷீபா அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்தது. கல்லூரிக்குப் புதிதாக ஒன்று கிடைத்ததும் பழையதை என்னிடம் தள்ளிவிட்டு, "இதுல ஒரு கேம் போட்டிருக்கேன், பொறுமை உண்டுமானா விளையாடு" என்று சொல்லிப் போனாள். அந்த கேமில், காணாமல்போன அண்ணனைத் தேடி ஒரு தங்கை தனியாக ஒரு தீவில் வந்து இறங்குகிறாள். அவளை நடக்க வைக்கலாம், கதவுகளைத் திறக்க வைக்கலாம், கிடைக்கிற கடிதங்களை எடுத்து வாசிக்கலாம், அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, புள்ளிகள் இல்லை, ஓடக்கூட முடியாது. என்னோடு படித்த ஜினி ஒருநாள் வந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏட்டி, இதுல சண்ட எப்பம் வரும்?"

"வராது."

"அப்பம் என்னத்துக்கு இந்த நடை நடக்க?" என்று கேட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். 

அந்த வாரம்தான் அம்மா காலையில் மார்த்தாண்டம் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப் போய், மத்தியானம் ஒரு பழுப்பு உறையோடு திரும்பி வந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என்னிடம் மறைக்க முடியாது என்று நினைத்தாளோ, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று இருந்ததோ, அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "மார்புல ஒரு கட்டி இருக்கு மக்களே. ஊசி குத்திச் சதை எடுத்து திருவனந்தபுரத்துக்கு அனுப்பியிருக்காவ. பன்னிரண்டு நாள் ஆவுமாம். அப்பாட்ட சொல்லாண்டாம். அவரு அங்க இருந்து என்ன செய்வாரு?"

வெள்ளிக்கிழமை அப்பாவின் போன் வந்தது. "சுகந்தானா?" என்று கேட்டார். "சுகம்" என்றாள் அம்மா. பிறகு போனை என்னிடம் தந்துவிட்டு, நான் பேசி முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழையைப் பற்றியும் கணக்குப் பரீட்சையைப் பற்றியும் சொன்னேன். 

அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்கு மெஷின் சத்தத்தில்தான் உயிர் இருந்தது. அது ஓடும்வரை ஒன்றுமில்லை. நின்றுவிட்டால் நானும் கேமை நிறுத்திவிடுவேன். திரும்பிப் பார்த்தால் அம்மா மிதிமேல் கால் வைத்தபடி, பாதி தைத்த சட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் திரும்பவும் தீவுக்குள் போய்விடுவேன். அங்கேயும் நிம்மதி இல்லை. ஒவ்வொரு கதவின் முன்னாலும் உள்ளே என்ன கிடக்குமோ என்று பயந்தேன்.

ஒருநாள் மெஷின் நின்றது. அம்மா என் பின்னால் வந்து நின்றாள். "படிக்காம என்னத்தப் பாக்க?" என்று அதட்டப் போனவள், திரையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ள மழையில குடையில்லாமலா நடக்குது?" என்றாள். அப்படியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்ன எழுதியிருக்கு? வாசிச்சுச் சொல்லு."

அம்மா தமிழில் ஒன்பதாம் வகுப்புவரை படித்தவள். ஆங்கிலக் கடிதங்களை நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். அன்றிலிருந்து நான் பள்ளிவிட்டு வந்து பாலில்லாத கட்டன் சாயா குடித்ததும், சாயங்கால ஜெபத்துக்கு நேரமாகும்வரை, இருவருமாக அந்தத் தீவில் நடந்தோம். நான் கடிதங்களைத் தேடி அறை அறையாகப் போக, அம்மா, "அங்கோட்டுத் திரும்பு, அடுப்புல என்ன இருக்குன்னு பாப்போம்" என்பாள். "சாவகாசமா நட, நமக்கு என்ன அவசரம்" என்பாள். நான் இரண்டு முறை கடந்துபோன ஓர் அறையில் நிறுத்தச் சொல்லி, "பாத்தியா, சட்டைய மடிச்சு வச்சிருக்கான். திரும்பி வரணும்னு நெனச்சுத்தான் போயிருக்கான்" என்றாள். அதன் பிறகு கிடைத்த கடிதத்தில் அதேதான் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் கை மார்புப் பக்கம் போகவில்லை என்பதை நான் கவனித்தேன்.

ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, படகுக் கொட்டகையில் அண்ணனின் நீண்ட கடிதம் ஒன்று கிடைத்தது. வாய்விட்டு வாசிக்கத் தொடங்குமுன் கண் கீழே ஓடிவிட்டது. அவனுக்கு உள்ளே ஒரு கட்டி. தங்கைக்குத் தெரியக்கூடாது என்றுதான் இந்தத் தீவுக்கு வந்திருக்கிறான்.  "அண்ணனுக்கு வேற ஊர்ல வேல கெடச்சிருக்காம், படகுல போறானாம்" என்றேன்.

அம்மா எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தப் பழுப்பு உறையை எடுத்து வந்தாள். அதற்குள் இருந்த தாளை விரித்து ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தாள். பிறகு அதே விரலைத் திரையில் வைத்தாள்.

"இதும் அதும் ஒண்ணுதானே? அன்னைக்கு பஸ்ஸுல எழுத்துக்கூட்டி வாசிச்சேன். டியூமர்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பேடியாத்தான் இருக்கு மக்களே, பயமில்லன்னு சொல்லமாட்டேன். ஆனா நீ மாத்திச் சொன்னா எனக்கு இன்னும் பேடி. உள்ளத வாசி. நானும் உன்கிட்ட உள்ளதச் சொல்லுகேன்."

முதல் வரியிலிருந்து வாசித்தேன். குரல் இரண்டு இடத்தில் நின்றது. இரண்டு இடத்திலும் அம்மா காத்திருந்தாள்.

முடிவு வந்த அன்று மழைக்காகப் பள்ளி விடுமுறை. பெரியம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா, நனைந்த செருப்பைப் படியில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "நாம பேடிச்சது அதேதான். ஆனா தொடக்கந்தானாம். ஆப்பரேஷன் செய்யணும். முடி கொட்டும். செத்துப் போவேனான்னு டாக்டர்ட்ட கேட்டேன், அதுக்கு இப்பம் அவசியமில்லன்னாரு." பிறகு, "அப்பாவ போன்ல விளி. நானே பேசுகேன்" என்றாள். பேசினாள். சொல்லி முடித்த பிறகு அம்மா, "கேக்கியளா? கேக்கியளா?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் மீதிக் கதையை முடித்தோம். தங்கை அண்ணனின் கல்லறையைக் கண்டு பக்கத்தில் உட்காருகிறாள், கடல் தெரிகிறது, திரை வெளுத்துப்போகிறது. அம்மா அழுதாள். அத்தனை நாளில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். யாருக்காக அழுதாள் என்று நான் கேட்கவில்லை.

அப்பா அந்த மாதமே வந்து சேர்ந்தார். திருவனந்தபுரத்தில் ஆப்பரேஷன் நடந்தது, முடி கொட்டியது, ஓர் ஆண்டு அப்படியே போனது. அடுத்த சீருடைக் காலத்துக்கு அம்மா பாதி வேலை எடுத்துத் தைத்தாள். பிழைத்துவிட்டாள்.

இப்படி மெல்ல நடக்கிற விளையாட்டுகள் நேரத்தைக் கொடுத்து விளையாடத் தகுந்தவைதானா என்று இப்போது என்னோடு வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள். எல்லாம் தகுந்தவை என்று சொல்லமாட்டேன். பிறகு நான் விளையாடியவற்றில் பாதி, கனமாகப் பேசுவதுபோல் பாவனை செய்து என்னைத் தூங்க வைத்தன. பயத்தைப் போக்கும் என்றும் சொல்ல முடியாது. என் பயத்தை அது கூட்டத்தான் செய்தது. ஆனால் நாம் காலெடுத்து வைக்காமல் அந்தக் கதை நகராது. இரண்டு பேர் ஒரே பயத்துக்குள் ஒரே வேகத்தில் நடக்கலாம், வேண்டும்போது நிற்கலாம். வேறெதிலும் அப்படி எங்களுக்கு வாய்க்கவில்லை.

லேப்டாப் என்றோ செத்துப்போனது. அந்த விளையாட்டை இணையத்தில் தேடினேன், விற்பனையில் இல்லை. செய்தவர்களும் நிறுவனத்தை மூடிவிட்டார்களாம். முன்னறையில் மெஷின் இல்லை. சீருடைகள் கடையில் தைத்தே கிடைக்கின்றன. ரப்பர் மரங்களை வெட்டி விற்றுவிட்டு அந்த விளையில் யாரோ வீடு கட்டியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு வருடந்தோறும் செய்கிற பரிசோதனை இந்த முறை எளிதாக முடியவில்லை. ஸ்கேனில் ஏதோ நிழல் தெரிகிறது, இன்னொன்று எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். முடிவு வர ஒரு வாரமாகும். நான் விடுப்பு எடுத்துவிட்டு, நாளை வருகிறேன் என்று அம்மாவுக்குப் போன் செய்தேன்.  அவள் சொன்னாள்:

"வரும்போ புதுசா ஒரு கேம் ஏத்திக்கிட்டு வா மக்களே. ரொம்ப நீளமானதாப் பாத்து."