கோலப்பொடி வண்டியும் இரண்டாம் பார்வையும்

1. விதி

சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்புக்கு எங்கள் அலுவலகம் பின்பற்றிய விதி இது. கணக்கெடுக்கும் நாளில் ஒருவர் தம் இடத்தில் இல்லையென்றால், இன்னொரு நாள் அதே இடத்துக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அப்போதும் இல்லையென்றால்தான் பெயரை விடலாம். கணக்கில் பெயர் இருந்தால்தான் அந்த இடத்தில் வியாபாரம் செய்யச் சான்று கிடைக்கும். பார்த்தவர் தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு ‘இரண்டாம் பார்வை’ என்று பெயர்.

இந்த விதியைக் களப்பணியாளர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். பலகையில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். சித்தூரிலிருந்து தினமும் பேருந்தில் போய், திருப்பதி சாலையில் இருக்கும் ஒரு சிறு நகரத்தின் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். ஊரின் பெயர் தேவையில்லை. தவறு ஊருடையது அல்ல.

2. அடைப்பும் அலங்காரமும்

ஓய்வுக்கு மூன்று ஆண்டுகள் இருக்கும்போது, எந்த வேலைக்கும் கைப்பேசியில் ஜியோடேக் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. இடமும் தேதியும் நேரமும் படத்தின் மேலேயே விழும். அதற்காகத்தான் அந்தக் கைப்பேசியை வாங்கினேன். முதல் நாள் பூமார்க்கெட் கால்வாய் அடைப்பைப் படமெடுக்கப் போனேன். விற்காத சாமந்தியை எல்லாம் கால்வாயில் கொட்டியிருந்தார்கள். கறுப்புத் தண்ணீர்மேல் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு கம்பளம். ஓரத்தில் வெயில் விழுந்து தகதகத்தது. குந்தி உட்கார்ந்து பதினோரு படம் எடுத்தேன். ஒன்றே போதும் என்பதுதான் உத்தரவு.

எங்கள் மேலதிகாரி ஆந்திரக் கடற்கரை மாவட்டத்துக்காரர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

“ஏமய்யா, இது அடைப்பா, அலங்காரமா?”

“அடைப்புதான் சார். அலங்காரத்தோட வந்திருக்கு.”

“கவர்மென்ட் டேட்டா தீர்ந்தா உன் சம்பளத்துல கட் பண்ணுவேன்.”

அன்றிலிருந்து எனக்கு வேறு கண் முளைத்துவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் அதே சாலையில் போய் வந்திருக்கிறேன். அது இத்தனை நிறமாக இருந்ததை யாரும் எனக்குக் குறிப்பாணை அனுப்பித் தெரிவிக்கவில்லை. திருப்பதி பேருந்து நிலையத்தில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குடும்பம், பெரியவர் முதல் கைக்குழந்தை வரை எட்டுத் தலைகள், உயர வரிசையில் சிமென்ட் பெஞ்சில். மாங்கூழ் ஆலை வாசலில் காத்துநிற்கும் டிராக்டர்கள். பச்சை, பச்சை, பச்சை, நடுவில் ஓட்டுநரின் சிவப்புத் துண்டு. பலமனேர் தக்காளிப் பெட்டிகள் மழையில் நனைந்து ஊதாவாகத் தெரிந்த ஒரு மாலை. நிறுத்தம் வந்தும் இறங்காமல் படமெடுத்துக்கொண்டே போய், அடுத்த ஊரிலிருந்து நடந்து வந்த நாட்கள் உண்டு. தாமத வருகைக்குக் காரணம் கேட்டால் ‘போக்குவரத்து’ என்று எழுதினேன். பொய்யல்ல.

இவை எல்லாவற்றிலும் சிறந்தது நான் இறங்கும் மூலையில் நின்ற கோலப்பொடி வண்டி. காலை ஒன்பது மணிக்கு வெயில் அதன்மேல் சாய்வாக விழும். நீலம், ரோஜா, மிளகாய்ச் சிவப்பு, கிளிப்பச்சை எல்லாம் கூம்பு கூம்பாக. ஒரு கூம்பின் நிழல் பக்கத்துக் கூம்பில் விழுந்து மூன்றாவதாக ஒரு நிறம் பிறக்கும். அதற்காகவே தினமும் நிற்பேன். அளந்து போடும் கைகளும் சில படங்களில் வந்தன. யாருடைய கை என்று கேட்கவில்லை.

3. ஆடிக் கிருத்திகை

கணக்கெடுப்புக்கு மேலதிகாரி குறித்த நாள் ஆடிக் கிருத்திகை. விடுமுறைப் பட்டியலில் அது இல்லை. அவருக்கு அது போதும். எங்கள் பக்கத்தில் அன்று பாதி ஊர் காவடியோடு திருத்தணியில் இருக்கும் என்று சொன்னேன். “பட்டியல்ல எக்கட உந்தி? எங்க இருக்கு?” என்றார். போனோம். பாதி மூலைகள் காலி.

விட்டுப்போனவர்களில் பலர் பிறகு தாங்களே அலுவலகத்துக்கு வந்து பெயர் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாம் பார்வைக்கு மிஞ்சியது ஒரே ஒருவர். ‘ரேணுகா, தள்ளுவண்டி’ என்றும், எதிர்வீட்டுக் கதவு எண்ணும் எழுதியிருந்தது. என்ன வியாபாரம் என்ற கட்டம் காலி. மாதக் கடைசி, வேறு மூன்று அறிக்கைகள் பாக்கி. ‘நேரில் பார்க்கப்பட்டது, ஆள் இல்லை’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். போகவில்லை.

சில மாதங்களில் மாலை போட்டு என்னை அனுப்பிவைத்தார்கள்.

4. மூலையில்

ஓய்வுக்குப் பின் முழுநேரமும் படம்தான். ஒரு கார்த்திகைக் காலையில், பழைய நிறுத்தத்தில் இறங்கி, வண்டிப் பக்கம் குனிந்தேன். கூம்புகளுக்கும் கைப்பேசிக்கும் நடுவே ஒரு காகிதம் நீண்டது.

“இன்னா சார், பொடியையே புடிச்சிக்கினு இருக்கியே. இத்தயும் புடி.”

வண்டிக்காரம்மா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், புருவம்வரை ரோஜாப்பொடி. காகிதம் தெலுங்கில் இருந்தது. சான்று இல்லாத வண்டிகள் மார்கழி பிறக்குமுன் அகற்றப்படும், பெயர் ரேணுகா. எதிர்வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அதே எண்.

“மார்கழி போச்சின்னா எனக்கு வருஷமே போச்சி சார். ரயில்கேட்டுக்கு அந்தாண்ட ஒரு வேலி போட்ட எடம் காட்றாங்க. அங்க எவ வந்து கோலப்பொடி வாங்குவா, எருமையா?”

“மற்றவர்கள் எல்லாம் ஆபீசுக்கு வந்து பேர் சேர்த்தார்களே, நீங்கள் ஏன் வரவில்லை?”

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நா ஏன் வரணும்? நீதான் டெய்லி வந்து போன்ல ஏத்திக்கினு போனியே. ஆபீஸ் ஆளுங்கல்லாம் அப்படித்தானே எழுதிக்கிறாங்க? நம்ம கணக்கு ஒயுங்கா போவுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

 கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்தேன்.

“ஒரு பொட்டலமாவது வாங்கினியா இத்தினி நாள்ல?” என்று அவரே தொடர்ந்தார்.

வாங்கவில்லை.

5. கழிவு

என் நாற்காலியில் இப்போது முனிராஜா. என்னிடம் கடைநிலை எழுத்தராகச் சேர்ந்தவர். கோப்பை எடுத்துக் காட்டினார்.

“சார், சைன் மீதே கதா? உங்களுதுதானே?”

“என்னுடையதுதான்.”

கைப்பேசியைத் திறந்தேன். அந்த வண்டிக்கு மட்டும் நூற்றுக்கணக்கான படங்கள், ஒவ்வொன்றிலும் இடம், தேதி, நேரம். முனிராஜா பார்த்துக்கொண்டே போனார்.

“சூப்பரா இருக்கு சார். ஆனா மூஞ்சியே இல்லையே. எந்த அம்மா கைன்னு எழுதறது? கைரேகைக்கு அனுப்பலாமா?”

முகம் வந்தால் நிறம் கெடுகிறதென்று வெட்டி வெட்டி எடுத்தவன் நானே. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். என் கைப்பேசியில் ‘கழிவு’ என்று ஒரு தொகுப்பு உண்டு. ஆடியவை, மங்கியவை, யாராவது குறுக்கே வந்தவை. ஒப்புதலின்றி ஆவணத்தை அழிக்கக் கூடாது என்பது எலும்பில் ஊறிவிட்டதால் எதையும் நான் அழித்ததில்லை. இரண்டாம் நாள் மதியம் அது கிடைத்தது.

ஒரு வெள்ளாடு மஞ்சள் கூம்பில் மூக்கை விட்டுவிட்டது. மூக்கு நுனி முழுவதும் மஞ்சள். ரேணுகா வண்டிக்கு மேலாகப் பாய்ந்து அதை விரட்டுகிறார். வாய் திறந்திருக்கிறது, பாதிச் சிரிப்பு, பாதித் திட்டு. காற்றில் ஒரு பிடி நீலம் பறக்கிறது. பின்னால் நிறுத்தத்தின் ஊர்ப்பலகை. எழுந்து நின்றுவிட்டேன். நான் எடுத்ததிலேயே சிறந்த படம். பொடியை மறைக்கிறார் என்று இதைக் கழிவில் போட்டிருக்கிறேன்.

கொஞ்சம் கழித்துத்தான் மூலையில் இருந்த தேதியைப் படித்தேன். இரண்டாம் பார்வைக்கு நான் எழுதிய அதே தேதி. ஆள் இல்லை என்று நான் சான்றளித்த நாளில், ஆளை ஒரு கை தூரத்தில் நின்று படமெடுத்திருக்கிறேன்.

6. இரண்டாம் பத்தி

மனுவை ரேணுகாவுக்காக நானே எழுதினேன். முனிராஜா படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“சார், செகண்ட் பாரா வேண்டாம். ரிடையர் ஆனாலும் விசாரணை வரும். பென்ஷன்ல கை வெச்சிடுவாங்க. படத்த மட்டும் வைங்க, நா எப்படியாச்சும் பாத்துக்கறேன்.”

“பட்டியலுக்கு ஆட்சேபம் சொல்லக் காலக்கெடு என்றைக்கு முடிந்தது?”

“போன வருஷம்.”

“அப்படியானால் படத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அலுவலகத்தின் பதிவே தவறு என்றால் மட்டும் காலக்கெடு இல்லை. தவறு என்று யார் சொல்ல வேண்டும்?”

முனிராஜா எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். அந்தப் பாடத்தையும் நான்தான் எடுத்திருந்தேன்.

இரண்டாம் பத்தி இதுதான்: ‘கையெழுத்து என்னுடையது. பார்வை நடைபெறவில்லை. அன்று அவர் இடத்தில் இருந்தார் என்பதற்கு இணைப்பில் உள்ள படமே சாட்சி. அதை எடுத்தவன் நான்.’ இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு சுருக்கமாக நான் எதையும் எழுதியதில்லை.

மனு வாங்கும் இன்வர்டு பிரிவில் முத்திரை வாங்கி, ஒப்புகை நகலை ரேணுகாவிடம் கொடுத்தேன். “மனு நிலுவையில் இருக்கும்போது வண்டியைத் தொடக் கூடாது. யார் வந்தாலும் இதைக் காட்டுங்கள்.” பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டிக் கம்பியில் கட்டிக்கொண்டார். மார்கழியில் இரண்டு முறை லாரியோடு வந்தார்கள். இரண்டு முறையும் உறையைத் தட்டிக் காட்டி, “படிச்சிட்டுப் போ நைனா” என்று அனுப்பிவைத்தாராம்.

இளைய ஊழியர்களுக்கு நான் சொல்லக் கூடியது ஒன்றுதான். கண்ணைப் பறிக்கும் எந்த நிறத்துக்குப் பின்னாலும் அதை அங்கே கொண்டுவந்து வைத்த ஒருவர் இருப்பார். படம் தாராளமாக எடுங்கள். பெயரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

7. பதில்

இரண்டு கடிதங்கள் சேர்ந்து வந்தன. முனிராஜா அலுவலகத்துக்கு அழைத்துக் கொடுத்தார். எனக்கு வந்ததில், என் விளக்கம் பணிப்பதிவேட்டில் சேர்க்கப்பட்டதாகவும், ஓய்வூதியம் குறித்த முடிவு பின்னர் தெரிவிக்கப்படும் என்றும் இருந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மற்றதை எடுத்துக்கொண்டு மூலைக்கு ஓடினேன். அறுபத்திரண்டு வயதில் ஓடினேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வண்டியைச் சுற்றி இருபது பெண்கள். ஒருத்திக்கு நீலம், ஒருத்திக்குச் சில்லறை. ரேணுகாவுக்குத் தலை நிமிர நேரமில்லை.

“பதிலா சார்? சத்தமா படி. இவங்களுக்கும் கேக்கட்டும்.”

தெலுங்கில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். கூடுதல் பட்டியலில் பெயர் சேர்க்கப்பட்டது, வியாபாரம் கோலப்பொடி, இடம் இதே மூலை. கூட்டத்தில் ஒரு பெண், “அப்போ நாளைக்கும் இங்கதான் இருப்பியா?” என்று கேட்டாள்.

“நாளைக்கா? இன்னாடி கேள்வி இது” என்று சொல்லிக்கொண்டே ரேணுகா அடுத்த பொட்டலத்தை மடித்தார்.

கடிதம் வந்த தேதி, போகிக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை.