தாமசினுக்காக நான் சொல்லாத சாட்சி

தாமசின் ஃபிஸ்கைப் பற்றிப் பேச இந்த ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் அருகதை இருக்கலாம், எனக்கு இல்லை. ஆனால் அவளைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். மற்றவர்கள் மண்ணுக்குள் போய்விட்டார்கள், அல்லது அவள் பெயரை எடுத்தாலே பேச்சை மழைக்கும் அறுவடைக்கும் திருப்பிவிடுகிறார்கள். என் பெயர் பிரிட்ஜெட் ஆல்டஸ். தெல்மியரில் முப்பத்தைந்து வருடம் மருத்துவச்சியாக இருந்தேன். இங்கே நடமாடுகிறவர்களில் பாதிப் பேருடைய தலையை முதலில் பார்த்தது என் கைதான்.

தாமசின் பன்னிரண்டு வயதில் ஹோவெட் பண்ணைக்குப் பால் கறக்க வந்தாள். கை குளிர்ந்த கை. வெண்ணெய் கடைகிறவளுக்கு அதுதான் பெரிய வரம். மற்ற பெண்கள் அரை நாள் கடைந்து திரளாத வெண்ணெய் அவளுக்கு ஒரு நாழிகையில் திரளும். பண்ணையின் பெரிய எஜமானி அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். பிற்காலத்தில் அதே கையைக் காட்டி, "அப்பவே சந்தேகம்தான்" என்று சொன்னவர்கள் உண்டு. அந்த வெண்ணெயைத் தடவித் தின்றபோது அவர்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவளுக்குக் குறை இல்லாமல் இல்லை. வாய் துடுக்கு. ஆண்பிள்ளை மாதிரி சீட்டி அடித்துக்கொண்டே நடப்பாள். கோழிகளுக்குப் பெயர் வைத்து, அவற்றோடு நின்று வழக்காடுவாள். கறுப்பி, நொண்டி, துரைசானி என்று மூன்று கோழிகள். துரைசானி நடக்கிற நடையைப் பார்த்தால் பெயர் சரிதான் என்று தோன்றும். அதன் முட்டையை நானே எத்தனையோ முறை வாங்கித் தின்றிருக்கிறேன்.

கூரை வேய்கிற அம்புரோஸ் ஃபிஸ்கைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு முதல் பிரசவம் பார்த்தது நான். கடைசிப் பிரசவமும் அதுதான். அப்போது நான் தொழிலுக்குப் புதிது. மருத்துவச்சியாக உரிமம் வாங்கும்போது, மந்திரம் தாயத்து எதையும் தொட மாட்டேன் என்று பிஷப்பின் ஆள் முன்னால் வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தேன். சத்தியம் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

இரண்டு நாள் வலி. தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை. தாமசின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. என் அம்மா எனக்கு விட்டுப்போன பழைய காகிதம் ஒன்று பைக்குள் இருந்தது. யாரோ ஒரு புனிதர் பெயரில் லத்தீன் ஜெபம். பழைய கத்தோலிக்க மதத்துக்காரர்களின் சரக்கு. அதை எடுத்து அவள் தொடையில் கட்டினேன். கட்டிவிட்டு, கையை உள்ளே விட்டு இழுத்தேன். பிள்ளை வந்தது. அவள் கிழிந்துபோனாள். என் அவசரத்தில் கிழிந்தது. வேறு யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

காயம் ஆறியபோது அந்த இடத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு சதை தொங்கலாக நின்றுவிட்டது. நான் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். "என் மவன் கதவ ஒடச்சிட்டுல்ல வந்திருக்கான். தழும்பு இருக்காதா?" என்றாள். காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்து, எரித்துவிடச் சொன்னாள். அதைப் பற்றி அதற்குப் பிறகு அவள் மூச்சே விடவில்லை.

அம்புரோஸ் ஒருநாள் கூரையிலிருந்து விழுந்து செத்தான். மகன் கைல்ஸ் வளர்ந்து, ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை மூண்டபோது பாராளுமன்றப் படையோடு போனான். போனவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தாமசினுக்கு முட்டியில் வாதம் வந்து பண்ணை வேலையும் போனது. அப்போதும் வியாழக்கிழமை தோறும் ஹோவெட் பண்ணைக்கு ஒரு மண்சாடியை எடுத்துக்கொண்டு போவாள். கடைந்து மிச்சமான மோரை அவளுக்கு ஊற்றுவது பெரிய எஜமானி காலத்து வழக்கம். பெரிய எஜமானி செத்து, மருமகள் புரூடன்ஸ் கைக்குச் சாவி வந்த பிறகும் கொஞ்ச காலம் அது நடந்தது.

சண்டையின் நான்காவது வருடம் எல்லாருக்கும் கை இறுகியது. படைக்கு வரி, படைக்குக் குதிரை, படைக்கு ஆள். புரூடன்ஸ் மோரைப் பன்றிக்கு ஊற்ற ஆரம்பித்தாள். அந்த வியாழக்கிழமை நானும் அங்கே இருந்தேன். அவளுடைய கடைக்குட்டிக்கு வயிறு சரியில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். தாமசின் வெறும் சாடியோடு வாசலில் நின்று தொட்டியைப் பார்த்தாள், பன்றியைப் பார்த்தாள். "பன்னி நல்லா இருக்கட்டும்மா. இந்த வீட்டுல அதுக்காவது நல்ல காலம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பன்றி வயிறு ஊதிச் செத்தது.

பன்றிகள் சாகும். அது புரூடன்ஸுக்கும் தெரியும். ஆனால் தாமசினுக்குத் தான் செய்தது தவறு என்பதும் அவளுக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதை அவளே பிற்பாடு என்னிடம் சொல்லியிருக்கிறாள். தெருவில் தாமசினைக் கண்டால் அவளுக்கு முகம் கொடுக்க முடியவில்லை. முகம் கொடுக்க முடியாதது கொஞ்ச நாளில் பயமாக மாறியது. இவளுக்கு நம் மேல் கோபம் இருக்கும், இருக்கத்தானே வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தாள். இந்த ஊரில் தாமசினுக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஏழு பேரையும் எனக்குத் தெரியும். ஏழு பேரும் ஏதோ ஒரு நாள் அவளுக்கு எதையோ இல்லை என்று சொல்லி அனுப்பியவர்கள்தான்.

வசந்தத்தில் அந்தக் கடைக்குட்டிக்கு வலிப்பு வந்தது. அந்த மாதிரி வலிப்பை எட்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆறு வீடுகளில் பிள்ளை பிழைக்கவில்லை. இதுவும் பிழைக்கவில்லை. குளிர்ந்துபோன குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இது அவள் வேலையாக இருக்குமா என்று புரூடன்ஸ் என்னைக் கேட்டாள். இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். பிள்ளையைக் காப்பாற்ற முடியாத மருத்துவச்சிக்கு வேறு யார் மேலாவது பழி போவது சௌகரியமாகத்தான் இருந்தது. "யாரு கண்டா" என்றேன். அந்த இரண்டு வார்த்தை ஒரு வாரத்தில் ஊர் முழுக்கச் சுற்றி, மருத்துவச்சியே சந்தேகப்படுகிறாள் என்று என்னிடமே திரும்பி வந்தது.

பக்கத்துச் சீமையில் சூனியக்காரிகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற கனவான் ஒருவர் கிளம்பியிருக்கிறார் என்று பேச்சு அடிபட்டது. பழைய நாளாக இருந்தால் பிஷப்பின் நீதிமன்றத்தில் நாலு கேள்வி கேட்டு, மன்னிப்புக் கேட்க வைத்து அனுப்பிவிடுவார்கள். பிஷப்புகளை ஒழித்தாகிவிட்டது. எங்கள் புதிய பாதிரியார் ஊரைச் சுத்தம் செய்வதற்கென்றே கடவுள் அனுப்பி வந்தவர் போல நடந்துகொண்டார். கோவிலில் கண்ணாடி சன்னல்களை உடைத்து முடித்திருந்தார். அடுத்து உடைக்க ஏதாவது வேண்டியிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடி அந்தக் கனவானுக்கு அழைப்பு அனுப்பினார்கள். கூட்டிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள்தான். அவர் தானாக வரவில்லை.

சூனியக்காரியின் உடம்பில் எங்கேயோ ஒரு காம்பு இருக்கும், அதில் குட்டிச்சாத்தான்கள் பால் குடிக்கும் என்பது அவர் கொண்டுவந்த பாடம். ஆம்பிளைகள் பார்க்கக் கூடாது என்பதால் தேடுவதற்கு நாலு பெண்களைப் போட்டார்கள். அதில் தலைவி அவரோடு வந்த ஒரு அம்மாள். மற்ற மூவர் ஊர்க்காரிகள். மருத்துவச்சி என்பதால் நான் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார்கள்.

ஜூலை மாதம், நடுப்பகல், சாராயக்கடை மாடி அறை. தாமசினைத் துணி உரிந்து நிற்க வைத்தோம். ஐம்பது வயதுக்காரி. வாதம் வந்த முட்டியோடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் விளக்கைக் கையில் வாங்கிக்கொண்டு குனிந்தாள், கிடைத்துவிட்டது. ஊசியால் குத்தினாள். ரத்தம் வரவில்லை, தாமசின் கத்தவும் இல்லை. செத்த சதையில் ரத்தம் எங்கிருந்து வரும்?

அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குரலில் ஒரு கடுமையும் இல்லை, நியாயமாகத்தான் கேட்டாள். "மருத்துவச்சியம்மா, நீங்க சொல்லுங்க. பிள்ளப்பேத்துல இப்பிடி ஆகிறது உண்டா?"

தாமசின் என்னைப் பார்த்தாள். பதறவில்லை. வழி தெரிந்தவளிடம் வழி கேட்கிற மாதிரி பார்த்தாள்.

உண்டு என்றால் அடுத்த கேள்வி, பிரசவம் பார்த்தது யார். நான் என்றால் அதற்கடுத்த கேள்வி, எப்படிப் பார்த்தாய். பாதிரியார் தோண்டித் துருவுகிற ஆள். தொடையில் கட்டிய காகிதம் வெளியே வந்தால், அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு நான் நிற்க வேண்டியதுதான். இத்தனையும் ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடியது. பயந்தேன் என்று சொல்வது எனக்கே நான் கொடுக்கிற சலுகை. கணக்குப் போட்டேன்.

"நான் பார்த்ததில்ல" என்றேன்.

தாமசின் அந்த அம்மாளிடம், "அவ எத்தனை பேருக்குப் பிரசவம் பாத்திருக்கா. மறந்துபோயிருக்கும். கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்க" என்றாள். நான் திரும்பி வருவதற்கு அவளே கதவைத் திறந்து வைத்தாள். நான் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவளைத் தூங்க விடாமல் அறைக்குள் நடத்தினார்கள். குட்டிச்சாத்தான்களின் பெயரைச் சொல் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் அவள் சொன்னாள்: கறுப்பி, நொண்டி, துரைசானி. எழுத்தர் எழுதிக்கொண்டார். ஞாயிறன்று கோவிலில் அதைச் சத்தமாக வாசித்தார்கள். இருக்கைகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அந்தக் கோழிகளின் முட்டையைத் தின்றவர்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று சாயங்காலம் யாரோ போய் மூன்றின் கழுத்தையும் திருகிப் போட்டுவிட்டார்கள்.

நகரத்துச் சிறைக்கு அனுப்பும்வரை அவளைக் காவலர் சில்லெட்டின் களஞ்சியத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். இரக்கப்பட்டுப் போனேன் என்று சில்லெட் நினைத்தான், கதவைத் திறந்துவிட்டான். நான் எதற்குப் போனேன் என்பது எனக்குத் தெரியும்.

அவள் ரொட்டியைப் பிட்டுத் தின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. என்ன கேட்டார்கள், யார் பெயரையாவது சொன்னாயா என்று நான் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"காகிதத்தப் பத்தியா?" என்றாள்.

நான் பாலாடைக்கட்டியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

"கூட்டாளி யாரு, கூட்டாளி யாருன்னு மூணு நாளும் அதையேதான் கேட்டாங்க. கோழிக்கு மேல நான் யாரையும் சொல்லல." கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள். "எனக்குப் பசிக்கும்னு நீ கொண்டாந்தன்னு நெனச்சேன்."

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போயிருக்கலாம் போல இருந்தது. அழுதேன். அழுகிறவளைத் தேற்ற வேண்டிய வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. என் முழங்கையைத் தட்டிக்கொடுத்து, "இங்க சொல்ல முடியல, சரி. பாதிரியாரு இருக்காரு, உன் பயம் எனக்குப் புரியுது. அங்க நகரத்துல பெரிய ஜட்ஜு வருவாராம். காகிதம் கிகிதம் ஒண்ணும் சொல்ல வேணாம். கிழிஞ்சுதுன்னு மட்டும் சொல்லு. அது போதும், பிரிட்ஜெட்" என்றாள்.

வருகிறேன் என்றேன். சத்தியமாக வருகிறேன் என்றேன். அப்போது உண்மையாகவே வருவதாகத்தான் இருந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் விசாரணை நடந்தது. பதினான்கு மைல். வண்டி போனது; சாட்சிக்காரர்கள் ஏழு பேரும் ஏறிப் போனார்கள், புரூடன்ஸ் என் வீட்டு வாசலில் நின்று கூப்பிடக்கூடச் செய்தாள். இடமிருக்கிறது, வருகிறாயா என்று கேட்டாள். தலை சுற்றுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் சில்லெட் திரும்பி வந்தான். அன்று தூக்கில் போட்டவர்களில் தாமசின் ஐந்தாவது என்றான். அவன் நல்லவன்தான், முகம் செத்துப்போயிருந்தது. வேலியோரம் நின்றபடி, நான் கேட்காமலே நடந்ததைச் சொன்னான்.

"உனக்குச் சாட்சி யாராச்சும் உண்டான்னு ஜட்ஜு கேட்டாரும்மா. மருத்துவச்சி வருவான்னா. ரெண்டு தரம் உங்க பேரைக் கூப்பிட்டாங்க. வரலன்னதும் அவளே சொன்னா, 'எந்த வீட்டுலயோ வலி எடுத்திருக்கும் ஐயா, பாதியில விட்டுட்டு வர மாட்டா, அவ அப்பிடிப்பட்டவ'ன்னு." பிறகு, யார் வீட்டில் பிரசவம், தாயும் பிள்ளையும் நலமா என்று விசாரித்தான்.

அந்த வாரம் தெல்மியரில் யாருக்கும் பிரசவம் இல்லை. நான் வீட்டில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் நலம் என்று அவனிடம் சொன்னேன்.