நான்கு மூலையிலும் மஞ்சள்

ஆதிலட்சுமி கொரியாவில் இங்கிலீஷ் டீச்சர். சொந்த ஊர், பெருநகர் என்று பெயர் வைத்திருக்கிற கிராமம். உத்திரமேரூரில் ஆறாவதிலிருந்து நானும் அவளும் ஒரே பெஞ்சு. என் பெயர் சாதியா, அங்கேயே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பத்திரிகை அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் என் மெஷினில் ஏறி இறங்கித்தான் ஊருக்குள் போகும். கடையைப் பற்றி இப்போதே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பொறுங்கள்.

கொரியா என்றதும் எல்லோரும் கண்ணாடிக் கட்டடமாகக் கற்பனை பண்ணிக்கொள்கிறார்கள். அவள் இருப்பது நெல்லும் வெங்காயமும் விளைகிற ஒரு கிராமம். மணிக்கு ஒரு பஸ். "பெருநகர்லர்ந்து கெளம்பி பெருநகருக்கே வந்துகீறன்டி. குளிரு மட்டும் எக்ஸ்ட்ரா" என்பாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் படிக்கிற ஆரம்பப் பள்ளி. வெளிச் செருப்பை வாசலில் விட்டு, உள்ளே போட வேறு செருப்பு. மதியம் தலைமையாசிரியர் முதல் ஒண்ணாங்கிளாஸ் வரை ஒரே ஹாலில் ஒரே சாப்பாடு. தட்டும் எவர்சில்வர், சாப்பிடுகிற குச்சியும் எவர்சில்வர். முதல் மாதம் இவள் குச்சியிலிருந்து வழுக்கி ஓடும் முள்ளங்கியைப் பிடித்துத் தருவதற்கென்றே இரண்டாங்கிளாஸ் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்வாளாம்.

குப்பையைத் தப்பான பையில் கட்டி வைத்தால், பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தூக்கிவந்து கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு, குனிந்து வணக்கமும் சொல்லிவிட்டுப் போவார். "நாலு திட்டு திட்டுனாகூட பரவால்லடி. கும்புடு போட்டுட்டுப் போறாரு. ஒரே பேஜாரா கீது."

அவளுக்குப் பள்ளி முடிகிற நேரம் எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். தினமும் வீடியோவில் வருவாள். ஆனால் அவளுடைய அம்மா சொக்கம்மாள் அவளிடம் எட்டு மாதமாகப் பேசவில்லை. மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த ஆதி, விசா, டிக்கெட் எல்லாம் கைக்கு வந்தபிறகு போனில்தான் வீட்டுக்குச் சொன்னாள். "பெத்தவகிட்ட நேர்ல வந்து ஒரு வார்த்த கேட்டாளா? எவளோ மூணாம் மனுசிக்குச் சொல்ற மாதிரி சொல்றா" என்று சொக்கம்மா என் கடையில் வந்து அழுதாள். ஆதி செய்தது தப்பு. என் சிநேகிதி என்பதற்காக நான் அதை இல்லையென்று சொல்லமாட்டேன்.

போன நவம்பரில் ஒருநாள் ஆதி முகம் செத்துப்போய் வந்தாள். அவளுடைய ஒப்பந்தம் பிப்ரவரியோடு முடிகிறது. அங்கே வருஷத்துக்கொரு முறை பெற்றோர் வந்து வகுப்பை நேரில் பார்க்கிற நாள் ஒன்று உண்டு. போன வருஷம், இவளுக்கு முன்னிருந்த டீச்சரின் வகுப்புக்கு வந்தது மூன்றே பேர். இந்தத் தடவையும் அப்படியானால், பெற்றோருக்கே அக்கறையில்லாத வகுப்புக்கு வெளிநாட்டு டீச்சர் எதற்கு என்று மேலிடம் அந்த வேலையையே எடுத்துவிடும் என்று துணைத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

"போன்ல நோட்டீஸ் அனுப்பியாச்சுடி. ஒருத்தரும் பதிலு போடல. இந்த வேலய விட்டுட்டு எப்டிடி வருவன்? ஆயுசுல மொத தடவயா, காலைல எழுந்தா ஸ்கூலுக்குப் போவ ஆசயா கீது" என்று கண்ணைத் துடைத்தாள்.

அன்றைக்குச் சந்தைக்கு வந்த சொக்கம்மா என் கடையில்தான் உட்கார்ந்திருந்தாள். மகள் குரல் காதில் விழாதவள் மாதிரி முறுக்கு தின்றுகொண்டிருந்தவள், மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துச் சொன்னாள்: "வூட்டுக்கு நேர்ல போயி பத்திரிக வெக்காம எவ வருவா?"

அது ஆதியின் காதில் விழுந்துவிட்டது. பிறகு ஆதி மெதுவாகக் கேட்டாள்: "சாதியா, முப்பத்தஞ்சு வூடு கீது. முப்பத்தஞ்சு பத்திரிக அடிச்சித் தர்றியா?"

அடித்தேன். கூட வேலை செய்கிற ஹான் டீச்சர் கொரிய எழுத்தில் விவரத்தை அனுப்பினாள். எது தலை, எது கால் என்று தெரியாமலே கல்யாணப் பத்திரிகை அட்டையில், தங்க பார்டர் போட்டு இறக்கினேன். சொக்கம்மா கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து வந்து, முப்பத்தைந்துக்கும் நாலு மூலை தடவிக் காயவைத்தாள். "இதான்னா அவளாண்ட பேசறன்னு நெனச்சிக்காத. மஞ்ச வெக்காத பத்திரிக செல்லாது, அதுக்குத்தான்" என்றாள். மஞ்சளுக்குத் தப்பியது, கணக்குக்கு மேல் அடித்துக் கடையிலேயே தங்கிவிட்ட ஒன்று மட்டும். கிண்ணம் காலியாகிவிட்டது.

பார்சல் போய்ச் சேர்ந்தது. அட்டையில் என்ன சிந்திவிட்டது என்று துணைத் தலைமையாசிரியர் கேட்டாராம். ஆதி அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு உறையிலும் அந்தந்தப் பிள்ளையின் அம்மா, அப்பா பெயரைக் கைப்பட எழுதினாள். நம் ஊர்ப் பழக்கம்தானே, பேரெழுதாத பத்திரிகையை யார் வாங்குவார்கள்? ஒரு தட்டில் கமலா ஆரஞ்சு வைத்துக்கொண்டு, தெரிந்த நாற்பது வார்த்தையோடு வீடு வீடாகக் கிளம்பிவிட்டாள்.

அங்கே ஒருத்தரும் இவளுக்குச் சொல்லாத ஒன்று இருந்தது. டீச்சர் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றால், பிள்ளை எதையோ உடைத்துவிட்டான் என்று அர்த்தம். முதல் வீட்டில் அப்பாக்காரர் கதவைத் திறந்தார், இவளைப் பார்த்தார், திரும்பி மகனைப் பிடித்துக் கத்த ஆரம்பித்தார். அந்தப் பிள்ளையோ என்ன தப்பென்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டது. பத்திரிகையை நீட்டி விளக்குவதற்குள் இவளுக்கு வேர்த்துவிட்டது. இருட்டுவதற்குள் அத்தனை வீட்டுக்கும் போய்விட்டாள், அதற்குள்ளேயே வெளிநாட்டு டீச்சர் வீடு வீடாகப் புகார் சொல்கிறாள் என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் துணைத் தலைமையாசிரியர் கூப்பிட்டு, இப்போதெல்லாம் ஆசிரியர்கள் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற வழக்கமில்லை, இது வம்பானால் அடுத்த வருஷத்தை மறந்துவிடு என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை ஒருநாள் பெருநகருக்குக் கூட்டிவந்து பத்திரிகையில்லாமல் பந்தியில் உட்காரவைக்கத் தோன்றியது.

அந்த நாள் வந்தது. நான் கடையில் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். சொக்கம்மாவுக்கு அன்று சந்தை கிடையாது, ஆனாலும் வந்திருந்தாள்.

போன் அடித்தது. "இருபத்தாறு பேருடி! உள்ள போடற செருப்பு பத்தாம, பாதி பேரு வெறும் சாக்ஸோட நின்னாங்க!" என்று ஆதி கத்தினாள். புகார் இல்லை, தங்கள் பேர் போட்ட அழைப்பு என்று உறையைப் பிரித்தபிறகு புரிந்திருக்கிறது. எல்லோர் கையிலும் பத்திரிகை. உள்ளே விட அதைக் காட்டவேண்டுமென்று நினைத்துக்கொண்டார்களாம்.

கடைசியாக லியென் என்று ஒருத்தி நின்றாளாம். வியட்நாமிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். உறையை விரித்துத் தன் பெயரை விரலால் தொட்டுக் காட்டினாள். "இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம். எல்லாருக்கும் நான் மின்ஜுன் அம்மா. என் பெயரை எழுதி என் கையில் யாரும் எதையும் கொடுத்ததில்லை" என்றாளாம், ஹான் டீச்சர்தான் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னாள். இதைச் சொல்லும்போது ஆதி அழுதாள், நானும் அழுதேன். சொக்கம்மா எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டாள்.

அடுத்த வாரமே புது ஒப்பந்தத்தை நீட்டினார்கள். ஆதி கையெழுத்துப் போடவில்லை. லீவு முடிந்து வந்து போடுகிறேன் என்று தாளைப் பையில் வைத்துக்கொண்டு, தை பிறந்த மறுவாரம் வந்து இறங்கினாள். நேரே என் கடைக்குத்தான் வந்தாள். கடைத்தெருவில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு தட்டு வாங்கினோம். மிச்சமிருந்த அந்த ஒற்றைப் பத்திரிகையின் உறையில் பெயரெழுதினாள். என் ஸ்கூட்டரில் பெருநகர் போனோம்.

சொக்கம்மா வாசலில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள். ஆதி தட்டை நீட்டினாள். "யம்மா, இன்னும் ஒரு வருசம் போவட்டுமா? நீ சரின்னாதான் கையெழுத்துப் போடுவன். வேணான்னா இங்கியே இருந்துடறன்."

சொக்கம்மா தட்டை வாங்கவில்லை. உறையை மட்டும் எடுத்து எழுத்துக்கூட்டினாள். திருமதி சொக்கம்மாள். இரண்டு முறை படித்தாள்.

"எம்பேரா எழுதிக்கீற" என்றாள்.

பிறகு பத்திரிகையை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "மஞ்ச வெக்கல. இது செல்லாது."

சொக்கம்மா உள்ளே போனாள். கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து நெல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு மூலையிலும் தானே தடவினாள்.