மூடி போடாத எஞ்சின்

முறுக்கி டேப் சுற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இரண்டு வயரைத் தோலுரித்து, ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, "முடிஞ்சது லா" என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கிள்ளானில் பாதி வர்க்‌ஷாப்பில் வயரிங் என்றால் இதுதான். நான் சுங்கை வேயில் ஒரு பேக்டரியில் பதினோரு வருஷம் வயர் முனையில் உலோகப் பின்னை வைத்து அழுத்தி அடித்தவள். ஒழுங்காக அடித்திருந்தால், பிடித்து இழுக்கும்போது வயர் அறுந்து வருமே தவிர பின் கழன்று வராது. அந்த வேலையை விட்டபின் வீட்டு ஹாலிலேயே மேசை போட்டு, கார் எஞ்சின்களுக்கு வயர் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன். கிள்ளானில் மூன்று வர்க்‌ஷாப்புகள் வேலை கொடுத்தன. வேலை அவர்களுக்குப் பிடித்திருந்தது, செய்கிறவள் பெண் என்பதுதான் தொண்டையில் நின்றது.

அந்தக் கார் பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடை வைத்திருக்கும் ஒருவருடையது. பழைய கார். முன்பு பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் ஒரே காயிலிலிருந்து நாலு சிலிண்டருக்கும் தடித்த வயர் ஓடிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் வைக்க வேண்டும் என்றார். அந்தக் காயில் ஒரு சாண் ஆழக் குழிக்குள் இறங்கிப் பிளக்கைக் கவ்விக்கொள்ளும். எது எப்போது பொறி விட வேண்டும் என்பதை, வெளியில் வாங்கிப் பொருத்திய கம்ப்யூட்டர் சொல்லும். ஒரு காயிலுக்குக் கரண்ட், எர்த், சிக்னல் என்று மூன்று வயர்தான். கேட்கச் சுலபம். சிக்னல் மாறிப்போனால் எஞ்சின் இருமும். எர்த்தைக் கண்ட இடத்தில் கொடுத்தால் கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிக்கும்.

வர்க்‌ஷாப் முதலாளி, இந்த வேலையை எனக்குக் கொடுத்தவர், ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் ருத்ராட்சம், கையில் போன், போனில் எந்நேரமும் எவனோ எஞ்சின் பிரிக்கிற வீடியோ. அதையும் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்ததுக்குப் போவார். மீதிப் பாதி அறிவு எங்கிருந்து வரும் என்று நினைத்துக்கொள்வேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னை அக்கா என்பார். நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மூன்று நாளில் வேலை முடிந்தது. லேப்டாப்பில் காயில்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன், நாலும் பொறி விட்டன. எஞ்சினுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு. அதைப் போட்டால் என் வயர் ஒன்றுகூட வெளியில் தெரியாது. இந்த ஆண்கள் நாலு பேர் குனிந்து பார்க்கட்டும் என்று, மூடி வேண்டாம் என்றேன். எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் மறுநாள்தான் வரும் என்பதால் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க முடியவில்லை.

கிளம்பும்போது முதலாளி பின்னாலேயே வந்தார்.

"அக்கா, சாவியத் திருப்புறதுக்கு முன்னாடி நாங்க என்னா செய்யணும்?"

"எதையும் தொடாதீங்க, அது போதும். சாமிய நல்லா கும்பிட்டுட்டுத் திருப்புங்க."

குத்தலாகத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. "வண்டி இருமுது அக்கா. ரெண்டாவது சிலிண்டரும் மூணாவதும் அடிக்கல. வயர்ல ஏதாச்சும் இருக்குமோ?" அதற்குள் சேலைக் கடைக்காரர் ஊரெல்லாம் பேசியிருந்தார். இன்னொரு வர்க்‌ஷாப்பிலிருந்து, எனக்குக் கொடுத்திருந்த வேலையைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். "அந்த வண்டி ஓடட்டும் அக்கா, அப்புறம் பாப்போம்." இந்த ஒரு காரோடு என் பேர் போய்விடும் என்று எனக்குப் புரிந்தது. பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம். இவர்கள் எதையோ நோண்டியிருக்கிறார்கள்.

போய் இறங்கியதும் முதலாளி சொன்னார். "காயில கழட்டிப் பாக்கவா அக்கா?"

"நீங்க கைய வைக்காம இருந்தாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி."

அவர் தள்ளிப் போய் நின்றார். நான் மீட்டரை எடுத்தேன். கரண்ட் சரி. எர்த் சரி. சிக்னல் சரி. கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு, நான் விட்டுவிட்டுப் போனபடியே இருந்தது. எங்கேயோ முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள் என்று ஒன்றரை நாள் தேடினேன். கடைசியில் நானே கட்டிய வயர்க் கட்டை நானே பிளேடால் கீறிப் பிரித்தேன். சேலைக் கடைக்காரர் வந்து, பிரிந்து கிடந்த வயர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். உள்ளே ஒரு குறையும் இல்லை. ஒரு முறுக்கலாவது கிடைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

வேறு வழியில்லாமல் இரண்டாவது காயிலைக் கழற்றி இழுத்தேன். பிளக்கைக் கவ்வும் அதன் ரப்பர் குழாய் மஞ்சளாக வந்தது. அதன்மேல் ஒரு மல்லிகை இதழ் ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழாக, பொறி பிளக்குக்குப் போகாமல் ஈரத்தில் ஓடிப்போன தடம், கருப்பாக ஒரு கோடு. மூன்றாவதும் அப்படியே. குழிக்குள் டார்ச் அடித்தேன். அடியில் மஞ்சள் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

ஒன்றரை நாளாகச் சேர்ந்திருந்த எரிச்சலெல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. காயிலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது என்னா? எஞ்சினுக்கு அபிஷேகமா?"

அவர் விழித்தார். "நீங்கதானே அக்கா சொன்னீங்க, சாமிய நல்லா கும்பிட்டுட்டுத் திருப்புங்கன்னு. நாங்க வழக்கமா எலுமிச்சம்பழத்தோட விட்டுருவோம். நீங்க சொன்னா அதுல ஒரு காரணம் இருக்கும்னு, ஐயரக் கூப்பிட்டு நல்லாவே செஞ்சோம். நாலு காயிலுக்கும் நான்தான் மஞ்சத் தண்ணி தெளிச்சேன். நடுவுல கொஞ்சம் கூடப் போயிருச்சு போல."

அவர் குரலில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இந்த மனுஷன், நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார். மூடி வேண்டாம் என்றேன், போடவில்லை; தண்ணீர் நேரே குழிக்குள் இறங்கிவிட்டது. காயிலில் கை வைக்க வேண்டாம் என்றேன், வைக்கவில்லை. நான் வந்த அன்றே அவர் கழற்றிப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை.

குழிகளை ஊதிக் காயவைத்து, புது ரப்பர் மாட்டியதும் எஞ்சின் ஒரே சீராக ஓடியது. முதலாளி அங்கேயே நின்று சேலைக் கடைக்காரருக்குப் போன் போட்டார். அடுத்து, வேலையை நிறுத்தி வைத்த வர்க்‌ஷாப்புக்கு.

"அக்கா வயர்ல ஒண்ணும் இல்ல லா. தப்பு என்னுது. நான்தான் முட்டாத்தனமா தண்ணிய ஊத்திட்டேன். அக்கா மேல ஒரு குத்தமும் கெடையாது."

இல்லை, நான்தான் அப்படிச் சொன்னேன் என்று போனுக்குக் கேட்கும்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் ஓயாத என் வாய் அப்போதுதான் மூடிக்கொண்டது. குனிந்து, கீறிப் பிரித்த வயர்க் கட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன்.

போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "மூடியப் போட்டுறவா அக்கா?"

"போடுங்கண்ணே" என்றேன். இன்றைக்கும் கிள்ளானில் என் பேர் நன்றாகத்தான் இருக்கிறது.