ரிப்பேருக்கு ஆள் கிடைக்கிற சாமான்

சாமானை விற்பது சுலபம். விற்ற சாமான் என்ன ஆனது என்று கேட்கிறவர்கள் நடுவில் அதே ஊரில் நடமாடுவதுதான் கஷ்டம். என்னைப் போலக் கடையில் நின்றே கால் கடுத்துப்போன சேல்ஸ்மேன்களான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருஷங்களில், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுச் சாமான் கடையில் நான் சேல்ஸ்மேன். எளிமையான, உழைக்கிற, ரிப்பேர் செய்யக்கூடிய சாமானைத்தான் கைகாட்டுவேன் என்று எனக்கு ஒரு பிடிவாதம். "கெட்டுப்போனாத்தான்யா திரும்பி வருவாங்க" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

நசுங்கிய குடம்

கருணாபுரத்தில் கூலி வேலைக்குப் போகிற ஒரு அம்மா, நசுங்கிய பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து, அதை எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் குடம் தரச் சொன்னார். எனக்கு மனசே வரவில்லை. "தட்டி நிமித்திட்டா இன்னும் ரொம்ப காலம் வரும்மா. பிளாஸ்டிக் வெடிச்சா தூக்கிப் போட வேண்டியதுதான்" என்று பிரசங்கம் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குடத்தை என் கையில் கொடுத்தார். வெறுங்குடமே கையை இழுத்தது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "தண்ணி தூக்கறது ஒண்ணுமில்லீங்க. கொடத்தயும் சேத்துத் தூக்கறதுதான் முடியல."

பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக் கொடுத்தேன்.

சீர் அடுப்பு

களமருதூரில் மகளைக் கட்டிக்கொடுக்கப்போகிற ஒரு விவசாயி, அவளையும் கூட்டிக்கொண்டு ஸ்டவ் வாங்க வந்தார். பளபளவென்று இருந்த மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் அவருக்குப் பிடித்துப்போயிற்று. "சம்பந்தி வூட்டுல நாலு பேரு பாக்கறாப்புல இருக்கணும்" என்றார். மகள் திரி ஸ்டவ் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னா புள்ள, மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு நிக்கிற?" என்று அவர் அதட்டினார்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "நம்ம வூட்டுல பம்ப்பு ஸ்டவ்வு ஓட்ட அடைச்சிக்கினா நீ பின்னு போட்டுக் குடுப்பப்பா. அங்க அடைச்சிக்கினா சோறு லேட்டாவும், திட்டு எனக்குத்தான் வுழும்."

அவர் பம்ப் ஸ்டவ்வை என் பக்கமாக நகர்த்திவிட்டு, மகளைப் பார்க்காமலே சொன்னார்: "அவ சொல்றதையே கட்டுங்க."

பிரித்துப் பார்த்தவர்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர் விளக்கு கேட்டார். புதிதாக வந்திருந்த பேட்டரி விளக்கை எரித்துக் காட்டினேன். "தொறந்து காட்டுங்க" என்றார். அதைத் திறக்க எனக்கும் தெரியாது. அடுத்து அரிக்கேன் விளக்கை வாங்கி, மேஜைமேலேயே கண்ணாடி, திரி, மூடி என்று எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினார். மாற்றுக் கண்ணாடி ஒன்றும் கேட்டார்.

"வாங்கறதுக்கு முன்னாடியே பிரிச்சிட்டீங்களே?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "கெட்டுப்போற அன்னிக்கு நீங்க மலைக்கு வரமாட்டீங்களே."

ரோட்டில் விழுந்த மரம்

என்னோடு கடையில் வேலை பார்த்த தனமும் நானும் ஒரே ஊர், சின்னசேலம் போகிற ரோட்டோரம். மறியல் நடந்த ஒரு காலையில் அவள் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. ஊரில் இருந்த ஒரே காரில் அவள் வீட்டார் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். கொஞ்ச தூரத்திலேயே ரோட்டின் குறுக்கே மறியல்காரர்கள் வெட்டிப் போட்ட புளியமரம். கார் திரும்பி வந்தது.

என்னிடம் இருந்தது ஒரு பழைய சைக்கிள். பெயின்ட் போய்விட்டது, மட்கார்டு ஆடும். தனத்தைக் கேரியரில் உட்காரவைத்து, குழந்தையை மடியில் கொடுத்து மிதித்தேன். நடுவில் செயின் கழன்றது. இறங்கிக் கையாலேயே மாட்டினேன். "போண்ணா, போண்ணா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை முனகுவது நின்றபோது எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

வெட்டிப் போட்ட மரத்துக்குப் பக்கத்தில் மறியல் கூட்டம் உட்கார்ந்திருந்தது. விடுவார்களா, சைக்கிளைப் பிடுங்கிக்கொள்வார்களா, தெரியவில்லை. தனம் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவுதான், பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். சைக்கிள் கிளைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறி அந்தப் பக்கம் போயிற்று. அடுத்த மரத்திலும் அப்படியே. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபிறகு குழந்தை வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் தனம் அழுதாள்.

முதல் மரத்தில், சைக்கிளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த என் கையை விலக்கிவிட்டு ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வண்டிய நாங்க பாத்துக்கறோம். நீ அந்தப் பொண்ணு கைய புடிச்சிக்கினு ஏறு."

சாமானின் ஆயுளுக்கு வாய் கிழிய உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன்; அதை யார், எங்கே, எந்த அவசரத்துக்கு எடுக்கப்போகிறார்கள் என்று கேட்கக் கற்றுக்கொள்வதற்குள்தான் பாதி சர்வீஸ் முடிந்துவிட்டது.