தொப்பி போட்ட சொசேஜ்

கார்ட்டூன் சொசேஜ் ஒன்றை நம்பி என் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நேர்த்தி வைத்து, நூல் கட்டி, மூன்று டொக்டர்மாரிடம் கெஞ்சி, எல்லாம் முடிந்து கடைசியில் நான் வந்து நின்ற இடம் அதுதான்.

மகளுக்கு முப்பத்தொரு வயது. கோடை தொடங்கியதிலிருந்து ஜெர்மனியில் எசன் நகரத்து மனநல மருத்துவமனை ஒன்றில் இருக்கிறாள். அவள் சாப்பிடுவதில்லை, சில கிழமைகளாகப் பேச்சும் இல்லை. அடம்பிடிக்கிறாள் என்றால் எனக்கு வாயும் வரும், கையும் வரும். இரண்டுக்கும் என்னிடம் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. அவள் அடம்பிடிக்கவில்லை. தட்டை மரியாதையாக வாங்குகிறாள். ஒரு துண்டை வாயில் வைத்து, கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டுச் சும்மா இருக்கிறாள். தாதி மற்றப் பக்கம் திரும்பியதும் அதை எடுத்துக் கடதாசியில் சுற்றி வைத்துவிடுகிறாள். இன்னும் மெலிந்தால் அடுத்த கிழமை மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் சாப்பாடு கொடுக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். அந்த டொக்டர்ப் பெண்ணுக்கும் என் மகளின் வயதுதான் இருக்கும். அவருடைய மேசையில் பாதி கடித்த அப்பிள் ஒன்று கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஊர்ச்சனத்தைப் பொறுத்தவரை மகள் ஸ்டுட்கார்ட்டில் வேலை செய்கிறாள். கோயிலில் யாரோ ஒரு அக்கா, "பிள்ளையைக் கனகாலமாய்க் காணேல்லை" என்றால் போதும், ஸ்டுட்கார்ட்டில் வீட்டுவாடகை எவ்வளவு கூட என்று நானே கதையை வளர்த்துவிடுவேன். பொய் சொல்லிச் சொல்லி அந்த ஊரின் வீதிகள்கூட எனக்குப் பாடமாகிவிட்டன.

முதல் சந்திப்பிலேயே டொக்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். சிறு வயதில், வீட்டில், சாப்பாட்டோடு சம்பந்தப்பட்ட ஏதாவது நடந்ததா? எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் ஜெர்மன், பள்ளிக்கூடத்துக் கழிவறைகள் கழுவிப் படித்த ஜெர்மன். அது போதாமல் தமிழிலேயே கத்திவிட்டேன்: "எங்கடை வீட்டிலை சாப்பாட்டுக்கு என்ன குறை? நான் பட்டினி கிடந்தாலும் கிடந்திருப்பன், பிள்ளையைப் பட்டினி போட்டனோ?" கணவர் என் கையைப் பிடித்து இருத்திவிட்டு, "ஒன்றும் நடக்கவில்லை" என்று டொக்டருக்கு ஒற்றை வரியில் மொழிபெயர்த்தார். அவர் எப்போதும் அப்படித்தான். நான் பத்து வசனம் பேசினால் அவர் ஒன்று பேசுவார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து இரவு ஒன்பது மணிவரை மகளை வெளியே கூட்டிப்போக அனுமதி கிடைத்தது. சின்னதில் அவளுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள் என்றார் டொக்டர். அதற்கு முதல்நாள் குசினிக்குள் இருந்து நாங்கள் இருவரும் யோசித்தோம். எங்கள் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்க வேண்டியிருந்ததே, அதுவே ஒரு கேடு. கடைசியில் கணவர்தான் தேநீர்க் கோப்பையைக் கழுவியபடியே சொன்னார்.

"ஓட்டோகீனோ."

"எந்த ஓட்டோகீனோ?"

"நான் குப்பை பொறுக்கின இடமப்பா. இன்னும் நடக்குது. அந்தப் பழைய விளம்பரங்களும் இன்னும் போடுறாங்களாம்."

காரில் இருந்தபடியே படம் பார்க்கிற இடம் அது. தார் போட்ட பெரிய வெளி. ஒரு முனையில் வெள்ளைத் திரை. வரிசை வரிசையாகக் கார்கள். படத்தின் சத்தம் கார் ரேடியோவில் வரும். நாங்கள் ஜெர்மனிக்கு வந்த புதிதில் கணவர் ஞாயிறு காலைகளில் அங்கே குப்பை பொறுக்கினார். முகாமையாளர் நல்ல மனிதர், அவ்வப்போது இலவசமாகப் படம் பார்க்க விடுவார். எங்களிடம் ஓடித் தேய்ந்த ஒரு பழைய ஓப்பல் கார் இருந்தது. பிள்ளைக்கு நாலு வயது. பின் இருக்கையின் நடுவில் ஏறி நின்று, எங்கள் இருவரின் தோளுக்கும் இடையில் தலையை நீட்டிக்கொண்டு பார்ப்பாள்.

படமெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. இடைவேளைக்குத்தான் காத்திருப்பாள். இடைவேளையில் கார்ட்டூன் விளம்பரங்கள் போடுவார்கள். எல்லாம் அமெரிக்காவில் எந்தக் காலத்திலோ எடுத்தவை, அந்த முகாமையாளர் எங்கேயோ தேடிப் பிடித்து வைத்திருந்தார். நிறம் வெளிறி எல்லாமே ரோஸ் நிறமாகியிருக்கும். மழை பெய்வதுபோலக் கீறல் விழும். சிவப்புச் சப்பாத்து போட்ட சோளப்பொரிப் பெட்டி ஒன்று இடுப்பை ஆட்டி நடந்து வரும். கடுகுப் போத்தல் ஊதுகுழல் ஊதும். அதற்கு நடுவே தொப்பி போட்ட சொசேஜ் ஒன்று தட்டின்மேல் ஏறிக் காலைத் தூக்கித் தூக்கி ஆடும். கடைசியில் மீசை வைத்த ஒரு கடிகாரம் வந்து, சிற்றுண்டிச்சாலைக்கு ஓடுங்கள், படம் தொடங்க இன்னும் பத்து நிமிடம்தான் என்று சொல்லும். பிறகு ஒன்பது. பிறகு எட்டு. ஜெர்மன்காரர் ஹோர்ன் அடித்துச் சிரிப்பார்கள்.

"அம்மா, அதைச் சாப்பிட்டா அதுக்கு நோகாதோ?" என்று ஒருமுறை கேட்டாள்.

"உன்ரை வாய்க்கு ஓய்வே இல்லையோ?" என்றேன். அப்போது அவளுக்கு அவ்வளவு வாய். என்னிடமிருந்து வந்த வாய்தான்.

அந்தச் சொசேஜை நாங்கள் ஒருநாளும் வாங்கிக் கொடுக்கவில்லை. அதற்குள் இருக்கிற இறைச்சி பன்றியோ மாடோ யாருக்குத் தெரியும், வாங்கிக் கட்டுப்படியும் ஆகாது. நான் வீட்டிலிருந்து மீன் ரோல்ஸ் செய்து, துவாயில் சுற்றி எடுத்துப் போவேன். ஆனால் வெளிச்சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்று வாசலிலேயே பெரிதாகப் பலகை போட்டிருந்தார்கள். கணவர் குப்பை பொறுக்குகிற இடம். எங்கள் விசா மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீடிக்கிற விசா. ஒரு ரோல்ஸுக்காக எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான் உண்மையாகவே பயந்தேன். இன்றைக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு எங்களுக்கு டோர்ச் லைட் வைத்திருக்கிற எவனும் பொலிஸ்தான்.

இடைவேளையில் ஒருவன் டோர்ச் அடித்துக்கொண்டு வரிசைகளுக்குள் நடந்து வருவான். மீன் வாசம் போகாமல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மூச்சுப்பட்டுப் புகார் பிடித்த கண்ணாடியில் விரலால் ஒரு சின்ன ஓட்டை துடைத்து நான் காவல் பார்ப்பேன். அவன் தெரிந்ததும் ரோல்ஸைப் பாவாடைக்குக் கீழே தள்ளிவிட்டுச் சொல்வேன்: "ஆள் வாறான். மெல்லாதை. ஆள் போகட்டும்."

பிள்ளை அப்படியே நின்றுவிடுவாள். ஒரு கன்னம் வீங்கியிருக்கும், கண் திரையில் இருக்கும். அவன் கடந்துபோனதும், "போயிட்டான், இப்ப விழுங்கு" என்பேன். விழுங்குவாள். என்ரை கெட்டிக்காரி என்று கொஞ்சுவேன்.

ஒருநாள் அவன் எங்கள் காருக்குப் பக்கத்திலேயே நின்று யாருடனோ கதைக்கத் தொடங்கிவிட்டான். கடிகாரம் ஒன்பது நிமிடம் என்றதிலிருந்து ஒரு நிமிடம் என்றதுவரை நின்றான். பிள்ளை அசையவில்லை. எச்சில் தாடையால் வழிந்து சட்டையை நனைத்தது, அப்போதும் அசையவில்லை. இந்தக் கதையை நான் எத்தனை கலியாண வீட்டில், எத்தனை பிறந்தநாளில் சொல்லிச் சிரித்திருப்பேன்! "நாலு வயதிலை என்ன விளக்கம் பாருங்கோ!" என்று பெருமைப்படுவேன். மகள் பக்கத்தில்தான் இருப்பாள்.

அந்தச் சனிக்கிழமை நான் ரோல்ஸ் செய்யவில்லை. இந்தமுறை எல்லாம் வாங்குவது என்று முடிவு. கார்த்திகை மாதம், ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. மகள் பின் இருக்கையின் நடுவில் அமர்ந்தாள். கோட்டுக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. ஐந்தரைக்குப் படம் தொடங்கியது. என்ன படம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முன்கண்ணாடிக்கு மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியில் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளை வந்தது. அதே கீறல், அதே ரோஸ் நிறம். சோளப்பொரிப் பெட்டி இடுப்பை ஆட்டியது. கடுகுப் போத்தல் ஊதியது. தொப்பி போட்ட சொசேஜ் தட்டில் ஏறிக் காலைத் தூக்கியது. சின்னக் கண்ணாடியில் மகளின் உதடு அசைவதைக் கண்டேன்.

"அம்மா, சொசேஜ்," என்றாள்.

எத்தனை கிழமைக்குப் பிறகு வந்த வார்த்தை! நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியாது. சிற்றுண்டிச்சாலையில் நீண்ட வரிசை. திரும்பிப் பார்த்தால் திரையில் மீசைக் கடிகாரம் ஏழு நிமிடம் என்றது. எனக்கு முன்னால் நின்ற பெடியன் ஒருவன் வெங்காயம் கூடப் போடவா குறையப் போடவா என்று நின்று யோசித்தான். அவனைக் கொன்றிருப்பேன். பசி இல்லாத சனத்துக்காகத்தான் இந்த விளம்பரங்களை எடுத்திருக்கிறார்கள். பசித்தவனுக்கு முன்னால் சொசேஜ் தொப்பி போட்டு ஆடத்தேவையில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்தச் சொசேஜைத்தான் கும்பிட்டேன். நீ பன்றியோ மாடோ எனக்குத் தெரியவேண்டாம், என் பிள்ளையை ஒரு வாய் சாப்பிட வைத்துவிடு என்று வரிசையில் நின்றபடி மனதுக்குள் மன்றாடினேன்.

கடிகாரம் மூன்று நிமிடம் என்றபோது காருக்குத் திரும்பினேன். பாணுக்குள் வைத்த சொசேஜை மகள் இரண்டு கையாலும் வாங்கினாள். மணந்து பார்த்தாள். கடித்தாள். மென்றாள்! ஒருமுறை. இரண்டாம் முறை. தாடை அசைவதை நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் திரும்பவே இல்லை.

அப்போது கண்ணாடியில் வெளிச்சம் அடித்தது. மஞ்சள் அங்கி போட்ட இளம் பையன் ஒருவன் டோர்ச்சோடு குனிந்து நின்று கண்ணாடியில் தட்டினான். கணவர் இறக்கினார். உங்கள் கார் லைட் எரிகிறது, முன்னால் இருப்பவர்களுக்குத் திரை தெரியவில்லை என்று பணிவாகச் சொன்னான். காருக்குள் இருந்து வந்த சாப்பாட்டு வாசத்தைப் பிடித்து, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சிரித்து வாழ்த்திவிட்டுப் போனான். என்ன நல்ல பையன். கணவர் லைட்டை அணைத்தார். நான் பின்னால் திரும்பினேன்.

மகள் மெல்லவில்லை. ஒரு கன்னம் வீங்கியிருந்தது. கண் திரையில் இருந்தது. சொசேஜைக் காணவில்லை, கோட்டுக்குக் கீழே தள்ளியிருந்தாள்.

ஐயோ, என் கடவுளே! எனக்கு அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்தால் போதும் என்று இருந்தது. அந்த டொக்டர் கேட்டாரே, ஏதாவது நடந்ததா என்று. நான் கத்தினேனே, எங்கடை வீட்டிலை என்ன குறை என்று. ஒரு மீன் ரோல்ஸால் இவ்வளவு பெரிய நோய் வருத்தம் வராது என்று அவர் சொல்லக்கூடும். படித்தவர், அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாலு வயதில் நான் நிறுத்தச் சொன்ன வாயை அவள் நிறுத்தியிருக்கிறாள்.

"மெல்லு பிள்ளை," என்றேன். "நாங்கள் வாங்கின சாப்பாடு. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்." அவள் திரையைப் பார்த்தாள். கடிகாரம் ஒரு நிமிடம் என்றது. பிறகு படம் தொடங்கியது. முன்னால் திரும்பி இருந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மிச்சப் படம் முழுவதும் அழுதேன். கணவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

ஒன்பதுக்குச் சற்று முன்னர் மருத்துவமனை வாசலில் மகளை இறக்கினோம். நான் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். கன்னம் இன்னும் வீங்கியே இருந்தது. அவ்வளவு நேரமும் அதை அப்படியே வைத்திருந்திருக்கிறாள்.

"போயிட்டான் பிள்ளை," என்றேன். "அவன் எப்பவோ போயிட்டான். இப்ப விழுங்கு அம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்காகப் பரிதாபப்படுகிறாள் போலிருந்தது.

"இல்லை அம்மா," என்றாள், வாய்க்குள் அந்தத் துண்டோடு. "நிக்கிறான்."

அவள் வாய்க்குக் கீழே என் உள்ளங்கையை நீட்டினேன். துப்பினாள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து தாதி வந்தாள். மாலை எப்படிப் போனது, மகள் ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்டாள். நான் கையைப் பொத்திக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "ஓம், சாப்பிட்டவள்" என்று தாதிக்குச் சொல்லும்படி கண்ணால் கேட்டுக் கணவரைப் பார்த்தேன்.